பட்டம் பெறுமுன் ஆராய்ச்சி செய்யலாமா?

சென்ற சனிக்கிழமை அசர்த் தொழுகை முடிந்த வேளையில், மருதமுனையிலிருந்து ஒரு தந்தையும் மகளும் என் வீட்டுக்கு வந்தனர். தந்தை கைத்தறி நெசவாளர். மகள் உயர்தர வகுப்பில் என்னிடம் இரசாயனவியல் கற்றவள். இப்பொழுது ஒரு பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானத்துறையில் இரண்டாம் ஆண்டு மாணவி. தேநீர் அருந்தி முடியும் வரையில் இருவரும் வேறு கதைகளையே பேசிக்கொண்டிருந்தனர். கோப்பையைக் கீழே வைத்த பின்னரே தந்தை வந்த காரியத்தைத் தொடங்கினார்.

"சேர், புள்ள நாலு வருசம் படிக்கப் போறன் எண்டு நிக்கிறா. மூண்டு வருசத்தில முடிச்சா ஒரு ஆசிரியர் வேலைக்காவது எழுதலாம். நாலாம் வருசம் ஆராய்ச்சியாம். ஆராய்ச்சி சோறு போடுமா?"

மகள் தலை குனிந்திருந்தாள். சற்றுப் பொறுத்து மெல்லிய குரலில், "வாப்பா கேக்கிறது ஒரு பக்கம், சேர். எனக்கு வேற ஒரு பயம். ஆராய்ச்சி செய்ய விருப்பம் எண்டு யாரிட்டப் போய்க் கேக்கிறது? நான் இன்னும் பட்டமே எடுக்கல்ல. கேட்டாச் சிரிக்க மாட்டாங்களா?" என்றாள்.

தந்தையின் வினா ஒன்று. மகளின் வினா மற்றொன்று. இரண்டும் அந்த ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரிய வினாக்கள் அல்ல. பாண்டிருப்பிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் நிந்தவூரிலும், பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் பலவற்றில் இவ்வினாக்கள் எழுகின்றன. ஆதலின் அன்று அவர்களுக்குக் கூறியதையும், பின்னர் நினைவுக்கு வந்தவற்றையும் இக்கிழமை வாசகர்களுக்கு எழுதத் துணிந்தேன்.

முதலில் மகளின் வினாவை எடுத்துக்கொள்வோம்.

பட்டம் பெற்ற பிறகே ஆராய்ச்சி என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. ஆராய்ச்சி என்பது வெள்ளை அங்கி அணிந்த முதியவர்கள், விலையுயர்ந்த கருவிகளின் நடுவே இருந்து செய்யும் காரியம் என நாம் கருதிவிட்டோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1906ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலண்டனிலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற பௌதிகவியற் சஞ்சிகை ஒன்றில், ஒளியின் விளிம்பு வளைவைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அதனை எழுதியவர் சென்னை மாகாணக் கல்லூரியில் அப்பொழுது மாணவராயிருந்த சி. வி. இராமன். அவருக்கு வயது 18. மறு ஆண்டிலே அரசாங்க நிதித் திணைக்களத்தில் உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தாவுக்குச் சென்ற அவர், அங்கே பௌபசார் வீதியில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் கதவைத் தாமே சென்று தட்டினார். காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி, பகலிலே அலுவலகக் கணக்கு என்று பத்து ஆண்டுகள் உழைத்தார். 1930இல் நோபெற் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு, 1928இல் அந்தக் கழகத்திலேயே பிறந்தது.

அவருடைய தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதையும் இதற்கு ஏற்றதே. 1928ஆம் ஆண்டு சொமபெல்ட் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் சென்னைக்கு வந்தார். பட்டப்படிப்பு மாணவரான சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று அவரைச் சந்தித்தார். தாம் பாடநூலில் கற்றவை பழையனவாகிவிட்டன என்று அறிந்து இளைஞர் மனம் ஒடிந்து திரும்பவில்லை. பேராசிரியர் கொடுத்த புதிய கட்டுரையின் அச்சுப்படியை வாங்கி வந்து கற்றார். கற்றதிலிருந்து தாமே ஒரு கட்டுரை எழுதினார். அது 1929இல் இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. அவர் பட்டம் பெற்றது அதற்கு அடுத்த ஆண்டிலேதான்.

மூன்றாவது உதாரணம் நம் பிரதேசத்து மாணவர்க்கு இன்னும் இனிப்பதாகும். கும்பகோணத்து இராமானுஜன் ஆராய்ந்த கணக்கு ஒன்றை, லாகூர் அரசினர் கல்லூரியில் பயின்ற அப்துஸ் ஸலாம் என்னும் மாணவர் எடுத்துக்கொண்டு, அதற்கு எளிய வழியொன்று கண்டு, 1943ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். அவருக்கு வயது 17. பிற்காலத்தில் 1979இல் பௌதிகவியலுக்கான நோபெற் பரிசு பெற்றவரும், வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்காக 1964இல் இத்தாலியின் திரியெஸ்த் நகரில் ஒரு நிலையத்தை நிறுவியவரும் அவரே. தமிழர் ஒருவர் விட்டுச்சென்ற கணக்கு, லாகூரில் ஓர் இளைஞருக்கு ஆராய்ச்சியின் முதற் படியாயிற்று. அறிவுக்கு ஊரும் சமயமும் வேலியல்ல என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

"இவர்களெல்லாரும் மேதைகள், சேர்" என்றாள் மாணவி. உண்மைதான். ஆயினும் நான் அவளுக்கு எடுத்துக்காட்ட விரும்பியது அவர்களுடைய மேதையை அன்று; அவர்கள் காத்திராமையையே. இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராயிருந்தபொழுது இங்கிலாந்தின் கணித அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். முன்னர் எழுதிய இருவரிடமிருந்து பயன் விளையவில்லை. 1913ஆம் ஆண்டு சனவரியில் ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதமே அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்றது. இரண்டாவது மௌனத்தோடு அவர் பேனாவைக் கீழே வைத்திருந்தால், இழப்பு அவருக்கு மாத்திரமா?

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று கூற வேண்டியிருக்கிறது. நான் மூன்றாம் ஆண்டு மாணவனாயிருந்த காலத்தில், ஒருநாள் செய்முறை வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர் ஒருவர், விடுமுறையில் இரண்டு கிழமை தங்கி மண் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்ய விரும்புகிறவர்கள் தம்மிடம் வரலாம் என்று அறிவித்தார். எனக்கு விருப்பம் இருந்தது. மூன்று நாட்கள் அவருடைய அறை வாயில்வரை சென்று திரும்பினேன். ஆங்கிலத்தில் எங்ஙனம் தொடங்குவது என்ற கூச்சமே காரணம். நான்காம் நாள் என் வகுப்புத் தோழன் ஒருவன் சென்று கதவைத் தட்டினான். அவன் இன்று கடல் கடந்து ஒரு நாட்டிலே மண்ணியல் ஆய்வாளனாக இருக்கின்றான். அவன் என்னினும் கெட்டிக்காரன் அல்லன் என்பதை அவனே ஒப்புக்கொள்வான். ஆசிரியத் தொழிலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும் அந்தக் கதவு சில இரவுகளில் என் நினைவுக்கு வருகின்றது. என் மாணாக்கர் எவருக்கும் அப்படியொரு கதவு நினைவில் தங்கலாகாது என்பதே என் விருப்பம்.

இனி, எதனை ஆராய்வது என்ற வினா. இதற்கு விடை தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம்முடைய கிணற்றை எட்டிப் பார்த்தாலே போதும்.

கல்முனைக் கரையோரத்தின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயலும், நடுவே ஒடுங்கிய மணற்றரை. அம்மணலுக்குள் மழைநீர் இறங்கி, கனத்த உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. நன்னீரை விடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்களவே கனமானது. ஆதலின் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறையுமாறு இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து நாற்பது அடி உப்புநீர் மேலெழும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி வந்த கடற்கோளை இவ்வூரில் மறந்தவர் எவர்? உயிரிழப்பின் துயருக்கு நடுவே, கிணறுகளெல்லாம் உவர்நீராகிப்போன துன்பமும் சேர்ந்தது. எல்லோரும் கிணற்றை இறைத்தோம், நானும் இறைத்தேன். இறைக்க இறைக்கத் தெளியும் என்று நம்பினோம். மறு ஆண்டு சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கிழக்குக் கரையின் கிணறுகளை மாதந்தோறும் அளந்தனர். அளவுக்கு மீறி இறைப்பது உப்பைப் போக்குவதில்லை, சில இடங்களில் நன்னீர் மீள்வதைத் தாமதப்படுத்தவும் கூடும், உப்பைக் கழுவிச் செல்வது பருவமழையே என்பது அத்தகைய அளவீடுகளால் தெளிவாயிற்று. அதற்கு அவர்கள் பயன்படுத்திய முக்கிய கருவி, நீரின் மின்கடத்துதிறனைக் காட்டும், கையில் அடங்கும் ஒரு மானி. அதனைக் கிணற்று நீரில் அமிழ்த்தி, எண்ணைக் குறித்து, அடுத்த மாதமும் அதே கிணற்றுக்குச் செல்லும் பொறுமையே ஆராய்ச்சியின் பெரும்பகுதி. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரால் அது இயலாத காரியமா?

இதனைக் கூறிக்கொண்டிருக்கையில் தந்தை இடைமறித்தார். "சேர், கிணத்துத் தண்ணிய எண்டா எனக்கும் தெரியும். எங்கட வீட்டுக் கிணத்தில நூலுக்குச் சாயம் போட்டா ஒரு மாதிரி ஏறும். தெருவுக்கு அங்கால உள்ள கிணத்துத் தண்ணியில போட்டா வேற மாதிரி. சில நேரம் திட்டுத் திட்டா நிக்கும். வாப்பா காலத்தில இருந்தே எங்களுக்கு இது தெரியும்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தந்தையைப் பார்த்தாள். ஆராய்ச்சி யாரிடம் கேட்பது என்று அஞ்சி வந்த பெண்ணின் வீட்டுக்குள்ளேயே, இரண்டு தலைமுறையாக ஓர் ஆராய்ச்சி வினா காத்திருந்தது!

பருத்தி நூல் நீரில் நனைந்தவுடன் எதிர்மின்னேற்றம் பெறுகின்றது. பருத்திக்குப் பயன்படும் சாயங்களிற் பலவும் எதிர்மின்னேற்றம் உடையனவே. ஒன்றையொன்று தள்ளும் இவ்விரண்டையும் இணங்கவைப்பதற்காகவே சாயத் தொட்டியில் உப்பு இடுகின்றனர். நீரிலேயே உப்பு கலந்திருந்தால் சாயம் ஏறும் வேகம் மாறும். கல்சியமும் மகனீசியமும் மிகுந்த வன்னீராக இருப்பின், அவை சில சாயங்களோடு கூடிக் கரையாப் பொருளாகி, நூலில் திட்டுத்திட்டாகப் படியும். இரும்பு இருப்பின் நிறம் மங்கும். எந்தக் கிணற்றில் எது காரணம்? இதுவே வினா.

இதனை அறிய ஆகும் செலவு சிறிது. ஐந்து கிணறுகளின் நீரும், ஒப்புநோக்குவதற்குக் காய்ச்சி வடித்த நீரும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நூல், ஒரே சாயம், ஒரே வெப்பநிலை, ஒரே நேரம். நீர் மாத்திரம் வேறு. நீரின் வன்மையை ஈ.டீ.டீ.ஏ. நியமிப்பினால் அளக்கலாம், இது முதலாண்டுச் செய்முறையிலேயே வருவது. சாயம் ஏறிய பின்பு தொட்டியில் எஞ்சிய சாயத்தை நிறமானியால் அளந்தால், நூல் எவ்வளவு உண்டது என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றையும் மும்முறை செய்து சராசரி காண வேண்டும். விடை கிடைத்தால் மருதமுனை நெசவாளர்க்கு அது பயன்படும். விடை கிடையாவிடினும் எவ்வழியில் தேடலாகாது என்பது அடுத்தவர்க்குத் தெரியும்.

வினா கிடைத்தாயிற்று, வாயிலை எங்ஙனம் தட்டுவது? அவளுக்குச் சொன்ன முறையை எல்லா மாணவர்க்குமாக இங்கே தருகின்றேன்.

முதலாவது, உங்கள் துறையின் விரிவுரையாளர்கள் எதனை ஆராய்கின்றனர் என்று அறிந்துகொள்ளுங்கள். அவர்கள் எழுதிய கட்டுரைகளில் இரண்டையேனும் படியுங்கள். பாதி விளங்காது, அதனால் வெட்கமில்லை. விளங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு சென்று கேட்பதே உரையாடலுக்கு மிகச் சிறந்த தொடக்கம்.

இரண்டாவது, சுருக்கமாகக் கடிதம் எழுதுங்கள். நீங்கள் யார், அவருடைய ஆய்வில் உங்களைக் கவர்ந்தது எது, எந்தக் காலத்தில் எத்தனை மணி நேரம் உங்களால் கொடுக்க இயலும், சந்திக்க நேரம் கிடைக்குமா என்னும் நான்கு செய்திகள் போதும். புகழுரை வேண்டாம். ஒரே கடிதத்தை இருபது பேருக்குப் படியெடுத்து அனுப்பாதீர்கள். பெறுபவர்கள் அதனை எளிதில் அறிவார்கள். இரண்டு கிழமையில் மறுமொழி வராவிடின் பணிவோடு ஒருமுறை நினைவூட்டுங்கள். அதன் பின்னும் மௌனமாயின் வேறொருவரை நாடுங்கள். மௌனம் அவமதிப்பு அன்று, பெரும்பாலும் வேலைப்பளுவே.

மூன்றாவது, எந்தச் சிறு வேலையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் மாதத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவச் சொல்வார்கள். மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டச் சொல்வார்கள். குடுவையைத் துப்புரவாகக் கழுவத் தெரியாதவரின் அளவீட்டை எவரும் நம்ப மாட்டார்கள் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். முதல் நாள் தொட்டே ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, திகதி இட்டு, கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். பிழைத்த அளவீட்டையும் அழிக்காதீர்கள்.

நான்காவது, உங்கள் பல்கலைக்கழகத்தோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்து, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இயங்குகின்றது. வடக்கே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. நெல்லைப் பற்றி அறிய விரும்புவோர்க்குக் குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. நம் வயல்களில் விளையும் பீ.ஜீ. இன நெல்வகைகள் தோன்றிய இடம் அதுவே. கண்டி ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனம் உண்டு. விடுமுறைக் காலத்தில் பயிற்சியாளராகச் சேர இடமுண்டா என்று இத்தகைய நிலையங்களுக்கு எழுதிக் கேட்பதில் இழப்பு ஏதுமில்லை. 1944இல் தோன்றிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் ஆண்டுதோறும் கூட்டம் நடத்துகின்றது. பல்கலைக்கழகங்களும் மாணவர் ஆய்வரங்குகளை நடத்துகின்றன. பேச இயலாவிடினும் சென்று கேளுங்கள்.

ஐந்தாவது, எச்சரிக்கை ஒன்று. பணம் கட்டினால் சில நாட்களில் கட்டுரையை வெளியிட்டுத் தருகிறோம் என்று அழைக்கும் சஞ்சிகைகள் இக்காலத்திலே மலிந்துவிட்டன. உங்கள் ஆசிரியரைக் கேளாமல் அவற்றுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். பிறர் எழுதியதை எடுத்துத் தமதாக்குவதும், அளக்காத எண்ணை அளந்ததாக எழுதுவதும் திருட்டே. அவ்வாறு பெற்ற பெயர் ஒருநாள் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

ஆறாவது, பரீட்சையைக் கைவிடாதீர்கள். நம் பல்கலைக்கழகங்களில் பொதுப்பட்டம் மூன்று ஆண்டு, ஆராய்ச்சியோடு கூடிய சிறப்புப்பட்டம் நான்கு ஆண்டு என்பது நெடுங்காலமாக உள்ள ஒழுங்கு. சிறப்புப்பட்டத்துக்குத் தெரிவாவது பெரும்பாலும் புள்ளிகளைக் கொண்டே. ஆய்வுகூடத்தில் ஆர்வம் மிகுந்து விரிவுரையைத் தவறவிட்டவர் இரண்டையும் இழப்பார்.

இனித் தந்தையின் வினாவுக்கு வருவோம்: ஆராய்ச்சி சோறு போடுமா?

பொய் சொல்ல நான் விரும்பவில்லை. "காக்கா, உறுதி ஒன்றும் இல்லை" என்றேன். ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்பவர்க்குத் தொடக்கத்தில் கிடைக்கும் ஊதியம் சிறிது, பதவியும் நிரந்தரமன்று. நான்காவது ஆண்டு என்பது வீட்டுக்கு மேலும் ஓராண்டுச் செலவு. ஒரு தறியின் வருவாயில் அச்செலவைத் தாங்குவது எளிதன்று என்பதை நான் அறியாதவன் அல்லேன். மறுபுறத்தில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் உதவிப்பணத்தோடு மேற்படிப்புப் படிக்கும் வாய்ப்பு, பெரும்பாலும் ஆராய்ச்சி அனுபவம் உடையவர்க்கே திறக்கின்றது. உள்நாட்டில் விரிவுரையாளர் பதவிக்குச் சிறப்புப்பட்டம் ஏறக்குறைய இன்றியமையாதது. ஆசிரியராகவே வந்தாலும், தானே ஒன்றை அளந்து கண்டறிந்த ஆசிரியர் கற்பிக்கும் வகுப்பு வேறுவிதமாக இருக்கும்.

இதற்கு நம்மூர்ச் சான்று ஒன்று உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்து, கல்முனையில் ஆங்கிலம் பயின்ற விபுலாநந்த அடிகள், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்தார். அந்த விஞ்ஞானப் பயிற்சியே, மறைந்துபோன யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் கணக்கிட்டு ஆராய அவருக்குக் கைகொடுத்தது. அந்த ஆராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. ஓர் ஆசிரியர், கற்பித்துக்கொண்டே ஆராய்ச்சியாளராகவும் வாழ இயலும் என்பதற்கு நாம் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை.

ஆதலின் நான் சொன்ன யோசனை இது: நான்காம் ஆண்டைப் பற்றி இன்றே முடிவு செய்ய வேண்டாம். வருகின்ற விடுமுறையில் ஆறு கிழமை, இந்தச் சாய வினாவை ஒரு விரிவுரையாளரின் மேற்பார்வையிலே மகள் செய்து பார்க்கட்டும். ஆய்வுகூடத்தில் இருக்கும் நேரத்தையும், வீடு திரும்பும் நேரத்தையும் தந்தையும் விரிவுரையாளரும் கலந்து பேசி ஒழுங்கு செய்யட்டும். ஆறு கிழமையின் பின், அந்த வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறதா, அவளுக்கு அது இயைகின்றதா என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். பிடிக்காவிடின் மூன்றாண்டோடு முடித்துக்கொள்வதில் இழிவு ஏதுமில்லை. பிடித்துவிட்டால், செலவைப் பற்றி மீண்டும் ஒருமுறை அமர்ந்து பேசுவோம்.

தந்தை உடனே ஒன்றும் கூறவில்லை. வாயிலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தண்ணி எவ்வளவு வேணும், சேர்?" என்று கேட்டார். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு போத்தல் போதும் என்றேன். முந்தநாள் மாணவியிடமிருந்து செய்தி வந்தது. விரிவுரையாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதிவிட்டாளாம். மறுமொழி இன்னும் வரவில்லையாம். ஆனால் வாப்பா ஐந்து வீடுகளுக்குச் சென்று ஐந்து போத்தல்களில் நீர் எடுத்து, எந்தப் போத்தல் எந்தக் கிணறு என்று தம் கையாலேயே எழுதி ஒட்டி, தறிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறாராம். அது பகுப்பாய்வுக்கு வைத்திருக்கத்தக்க முறையன்று, புதிய நீரே எடுக்க வேண்டும் என்று பதில் எழுதினேன். எனினும் அந்தப் போத்தல்களை எறிந்துவிட வேண்டாம் என்றும் எழுதினேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஆராய்ச்சி என்று சொன்னால் உடனே மறுக்காதீர்கள். நீங்கள் தொழிலிலே கண்ட புதிர் ஒன்றை அவர்களிடம் சொல்லுங்கள். மாணவர்களே, பட்டம் கையில் வரும்வரை காத்திராதீர்கள். கூச்சம் எல்லோருக்கும் உண்டு. கதவுக்கு அப்பால் இருப்பவரும் ஒரு காலத்தில் வெளியே நின்று தயங்கியவரே.